'தரிசு' என்று யார் சொன்னது? தார் மணலுக்கும் ஒரு கணக்கு உண்டு!

போனில் மேப்பைத் திறந்து, ராஜஸ்தானின் ஜெய்சால்மர் பக்கம் நகர்த்தி, சாட்டிலைட் வியூவைத் தட்டினால் திரை முழுக்க வெளிர் மஞ்சள்தான். வயல் தெரியாது, மரம் தெரியாது, ஊர்கூட புள்ளி புள்ளியாகத்தான் தெரியும். பார்க்கிற எவருக்கும் முதலில் தோன்றுவது ஒன்றுதான்: "இவ்வளவு இடம் சும்மா கிடக்குதே!"

அரசுப் பதிவேடுகளும் ஏறக்குறைய இதையேதான் சொல்கின்றன. தார் பாலைவனத்தின் கணிசமான பகுதிக்கு அங்கே பெயர் 'தரிசு'. பயன்படாத நிலம் என்றால் யார் வேண்டுமானாலும், எதற்கு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று அர்த்தமாகிவிடுகிறது. ஒரு தலைமுறைக்கு முன்பு அங்கே கால்வாய் வந்தது. இப்போது சோலார் பேனல்கள் வந்துகொண்டிருக்கின்றன.

ஆனால், அந்த மஞ்சள் மணல் சும்மா கிடக்கவில்லை. அதற்கென்று ஒரு கணக்கு உண்டு. அந்தக் கணக்கைப் படித்தவர்கள், ஆண்டுக்கு 200 மில்லிமீட்டர்கூட மழை பெய்யாத இடத்தில் கோதுமை எடுத்தார்கள். படிக்காமல் தண்ணீரைக் கொட்டியவர்கள், பாலைவனத்திலேயே வயலை மூழ்கடித்தார்கள். இரண்டும் இதே மண்ணில் நடந்தவை.

மணலில் சுண்ணாம்பு எப்படி வந்தது?

தார் மண்ணைக் கையில் அள்ளினால் விரல் இடுக்கில் ஓடிவிடும். மணற்குன்றுப் பகுதிகளில் பத்தில் ஒன்பது பங்கு மணல்தான். களிமண் மிகவும் குறைவு. இலைதழை மக்கிச் சேரும் கரிமச்சத்து அரை சதவீதத்தைக்கூட எட்டாது. சற்றுத் தோண்டினால் வேறொன்று தட்டுப்படும்: வெள்ளை வெள்ளையாக, முண்டும் முடிச்சுமாக இருக்கும் சுண்ணாம்புக் கற்கள். வடக்கே இதற்கு 'கங்கர்' என்று பெயர். தமிழில் 'சுக்கான் கல்'.

இது எங்கிருந்து வந்தது? மழைநீர் மண்ணுக்குள் இறங்கும்போது கார்பன் டை ஆக்சைடைக் கரைத்துக்கொண்டு லேசான அமிலமாக மாறுகிறது. அது மண்ணில் உள்ள சுண்ணாம்பைக் கரைத்துக் கீழே கொண்டுபோகிறது. கேரளா மாதிரி மழை கொட்டும் இடமென்றால், கரைந்த சுண்ணாம்பு நிலத்தடி நீரோடு போய் ஆற்றில் சேர்ந்துவிடும். அதனால்தான் அங்கே மண் புளிப்பாக இருக்கிறது. தாரில் மழைக்கு அவ்வளவு தெம்பு கிடையாது. ஓரளவு ஆழம் போவதற்குள் தண்ணீர் தீர்ந்துவிடும். வெயிலும் வேரும் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ள, சுண்ணாம்பு மட்டும் அங்கேயே படியும். இப்படி ஆயிரக்கணக்கான ஆண்டுகள் படிந்ததுதான் இந்த வெள்ளை அடுக்கு.

ஒருவகையில் அது ஒரு மழைப் பதிவேடு. 'இந்த ஊர் மழை இவ்வளவு ஆழம்தான் இறங்கும்' என்று மண்ணே எழுதி வைத்த குறிப்பு. சில இடங்களில் இந்தச் சுண்ணாம்பு தனித்தனி முடிச்சுகளாக இருக்கும். சில இடங்களில் சுண்ணாம்போ ஜிப்சமோ இறுகி, தளம் போட்ட மாதிரி தண்ணீரைத் தடுத்து நிறுத்தும். இந்த அடுக்குதான் இந்தக் கதையின் ஹீரோ. வில்லனும் அதுவே.

ஓட்டைப் பானையா, மூடி போட்ட பானையா?

மணலில் தண்ணீர் நிற்காது என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அது உண்மையும்கூட. ஆனால், பாதி உண்மைதான்.

பாலைவனத்தில் மழை சிறு சிறு தூறலாக வரும். 10 மில்லிமீட்டர் மழை என்று வைத்துக்கொள்வோம். களிமண் நிலத்தில் அது மேலே இரண்டு மூன்று சென்டிமீட்டரை மட்டும் நனைக்கும். மறுநாள் வெயில் அதை அப்படியே குடித்துவிடும். பயிருக்கு எதுவும் மிஞ்சாது. அதே மழை மணலில் சுமார் 10 சென்டிமீட்டர் வரை இறங்கும். மேற்பரப்பு மட்டும் சட்டென்று காய்ந்துவிடும். அப்படிக் காய்ந்த மணலின் இடைவெளிகள் பெரியவை என்பதால், கீழே இருக்கும் ஈரம் மேலே ஏறிவர முடியாது. காய்ந்த மேல்மணலே மூடியாகிவிடுகிறது.

அதாவது மழை நிறைய பெய்யும் ஊரில் மணல் ஓட்டைப் பானை. மழை குறைந்த ஊரில் அது மூடி போட்ட பானை. கொளுத்தும் வெயிலில் மணற்குன்றின் மேல்பரப்பைக் கையால் தள்ளினால், சற்றுக் கீழே ஈர மணல் தட்டுப்படுவது இதனால்தான். ராஜஸ்தான் விவசாயிகள் மணல் நிலத்தில் மானாவாரியாகத் தர்ப்பூசணி விளைவிப்பதும் இந்த ஈரத்தை நம்பித்தான்.

மூடி ரொம்ப மெல்லியது என்பதுதான் சிக்கல். ஒட்டகம் இழுத்த சிறிய கலப்பை, மேல்மண்ணை லேசாகக் கீறிவிட்டுப் போகும். புல் வேரும் புதர் வேரும் அப்படியே இருக்கும். டிராக்டரில் பூட்டிய டிஸ்க் கலப்பை அதையெல்லாம் பிடுங்கிப் புரட்டிவிடுகிறது. பிடிமானம் இழந்த மணலைக் கோடைக் காற்று தூக்கிக்கொண்டு போய்ப் பக்கத்து வயலிலும் சாலையிலும் கொட்டுகிறது. உழுவது எல்லா மண்ணுக்கும் நல்லது என்ற பொது விதி இங்கே செல்லாது.

சுண்ணாம்பு கட்டிப்போடும் சத்துகள்

இந்த மண்ணின் பிஎச் பெரும்பாலும் 8-ஐ ஒட்டியோ தாண்டியோ இருக்கும். காரத்தன்மை. இதனால் வரும் தலைவலி கொஞ்சம் வினோதமானது. மண்ணில் இரும்பு இருக்கும், செடிக்குக் கிடைக்காது. துத்தநாகமும் அப்படித்தான். கார மண்ணில் இவை கரையாத வடிவத்துக்குப் போய்விடும். பாஸ்பரஸ் உரம் போட்டாலும் கால்சியம் அதைப் பிடித்துக் கட்டிவிடும். அக்கவுன்ட்டில் பணம் இருந்தும் ஏடிஎம் கார்டு வேலை செய்யாத நிலைமை.

அறிகுறி இலையில் தெரியும். இளம் இலைகளில் நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, நடுவில் எல்லாம் மஞ்சளாகிவிடும். இரும்புச்சத்து எடுக்க முடியாமல் செடி தவிக்கிறது என்று பொருள். தமிழ்நாட்டிலும் இது புதிதல்ல. கொங்குப் பக்கம் சுக்கான் கல் படிந்த மானாவாரி நிலங்களில் இதே மஞ்சளைப் பார்க்கலாம்.

உடனே பலர் செய்வது, ஒரு மூட்டை ஜிப்சம் வாங்கிக் கொட்டுவது. ஜிப்சம் களர் மண்ணுக்கு மருந்து. அதிலுள்ள சோடியத்தை வெளியேற்றத்தான் அது உதவும். சுண்ணாம்பு மண்ணில் ஏற்கெனவே கால்சியம் வழிகிறது. அங்கே மேலும் கால்சியம் போடுவதில் என்ன பயன்? இரும்பு சல்பேட்டை இலைவழியாகத் தெளிப்பது, துத்தநாக சல்பேட்டை அடியுரமாகப் போடுவது, தொழுவுரத்தைக் கூட்டுவது, யூரியாவைப் பிரித்துப் பிரித்து மண்ணுக்குள் இடுவது ஆகியவைதான் வழி. யூரியாவை மேலாகத் தூவினால் இந்தக் கார மண்ணில் பாதி வழியிலேயே அம்மோனியா வாயுவாகப் பறந்துவிடும்.

எது சுண்ணாம்பு மண் என்று கண்டுபிடிப்பதும் கஷ்டமில்லை. ஆய்வகத்தில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஒரு சொட்டு விடுவார்கள். 'சொர்ர்' என்று நுரைத்தால் சுண்ணாம்பு. நுரைப்பது, எப்போதோ கல்லுக்குள் அடைபட்ட கார்பன் டை ஆக்சைடு. வறண்ட நிலத்து மண் தனக்குள் கார்பனைப் பூட்டி வைத்திருக்கிறது என்பதற்கு அந்த நுரையே சாட்சி. 'பயனில்லாத நிலம்' என்று சொல்பவர்களின் கணக்கில் இது வருவதே இல்லை.

அப்படியானால் இங்கே என்னதான் விளையும்?

கம்பு, எள், மோத் பயறு, கொத்தவரை. மேற்கு ராஜஸ்தானின் மானாவாரிப் பட்டியல் இது. கம்பின் குறுகிய கால ரகங்கள் 65, 70 நாட்களில் அறுவடைக்கு வந்துவிடும். பருவமழை சீக்கிரம் கையை விரித்தாலும் தானியம் மிஞ்சும். மோத் பயறு தரையோடு தரையாகப் படர்ந்து மணலைப் பிடித்துக்கொள்ளும். காற்றிலிருந்து நைட்ரஜனையும் எடுத்து மண்ணுக்குத் தரும்.

கொத்தவரையின் கதை இன்னும் சுவாரசியம். நம் வீட்டில் பொரியலும் வற்றலும் ஆகும் அதே காய். அதன் விதையிலிருந்து எடுக்கும் 'குவார் கம்' ஐஸ்கிரீமைக் கெட்டியாக்கவும், அமெரிக்காவில் பாறையைப் பிளந்து எரிவாயு எடுக்கவும் பயன்படுகிறது. உலகக் கொத்தவரை உற்பத்தியில் பெரும்பங்கு இந்தியாவுடையது; அதிலும் ராஜஸ்தான்தான் முன்னணி. எரிவாயு நிறுவனங்கள் போட்டி போட்டு வாங்கியதில், 2012-ல் விலை எகிறி, முன்பேர வர்த்தகத்தையே நிறுத்தி வைக்க வேண்டியிருந்தது. 'தரிசு' மணலில் விளைந்த பொருள் உலகச் சந்தையை ஆட்டிப் பார்த்த ஆண்டு அது.

இவற்றுக்கு நடுவே வயலில் ஒரு மரம் நிற்கும்: கேஜ்ரி. தமிழில் வன்னி. சிவன் கோயில்களில் தல விருட்சமாக நிற்கும் அதே வன்னிதான். ஆழமாக வேர் விடும், நைட்ரஜனை நிலைநிறுத்தும். தழை ஆட்டுக்கும் ஒட்டகத்துக்கும் தீவனம். காய் மனிதருக்குக் கறி. மரம் நின்றால் நிழலில் பயிர் குறையும் என்பார்கள். வன்னிக்கு அடியில் கம்பு இன்னும் செழிப்பாக வரும். 1730-ல் ஜோத்பூர் அருகே கேஜர்லி கிராமத்தில் இந்த மரங்களை வெட்ட அரசனின் ஆட்கள் வந்தபோது, அம்ரிதா தேவி தொடங்கி 363 பிஷ்னோய்கள் மரத்தைக் கட்டிப்பிடித்து உயிர்விட்டார்கள் என்று வரலாறு சொல்கிறது. மணலில் வாழ்பவர்களுக்கு ஒரு மரம் என்றால் என்ன என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

மழை இன்னும் குறையும் மேற்குப் பகுதியில் பயிருக்குப் பதில் புல். சேவண் என்ற பல்லாண்டுப் புல், 250 மில்லிமீட்டருக்கும் குறைவான மழையில் தழைக்கும். தார்பார்க்கர் மாடும் செம்மறி ஆடும் இதை நம்பித்தான் இருக்கின்றன. சாட்டிலைட்டில் வெறும் மஞ்சளாகத் தெரிவது, பல இடங்களில் மேய்ச்சல் நிலம்.

அடுக்கைப் படித்தவர்கள்

15-ஆம் நூற்றாண்டு வாக்கில் ஜெய்சால்மர் பகுதியில் குடியிருந்த பாலிவால் பிராமணர்கள் 'கடீன்' என்ற முறையை வளர்த்தெடுத்தார்கள். பாறை மேட்டில் விழும் மழை தானாக ஓடிவந்து சேரும் பள்ளத்தைத் தேர்ந்தெடுப்பார்கள். அதன் கீழ்ப்புறத்தில் மண்கரை போடுவார்கள். மழைக்காலத்தில் தண்ணீர் அங்கே தேங்கும், வண்டல் படியும், உப்பு கரைந்து கீழே இறங்கும். குளிர்காலம் வரும்போது தண்ணீர் வற்றியிருக்கும், ஈரம் மட்டும் மண்ணுக்குள் இருக்கும். அதில் கோதுமையும் கொண்டைக்கடலையும் விதைப்பார்கள். அதற்குப் பிறகு ஒரு சொட்டு பாசனம் கிடையாது. இன்றும் சில கடீன்கள் விளைந்துகொண்டிருக்கின்றன.

இன்னொன்று 'குயீ'. மனிதர் ஒருவர் உட்கார்ந்து தோண்டும் அளவுக்கே அகலமுள்ள சிறு கிணறு. அனுபம் மிஸ்ரா 1995-ல் எழுதிய 'ராஜஸ்தான் கீ ரஜத் பூந்தேங்' நூல் இதை விரிவாகச் சொல்கிறது. மணலுக்கு அடியில் வெளுத்த, இறுகிய அடுக்கு ஓடும் இடங்களில் மட்டும்தான் குயீ வெட்ட முடியும். மழைநீர் அந்த அடுக்கைத் தாண்டி உப்பான நிலத்தடி நீரில் கலக்காமல், மணலிலேயே ஈரமாகத் தங்கியிருக்கும். கிணறு வெட்டினால் அந்த ஈரம் சொட்டுச் சொட்டாகக் கசிந்து, நாளுக்குச் சில குடம் நல்ல தண்ணீர் தரும். பேராசைப்பட்டு அகலமாக வெட்டினால் சொட்டுகள் சேராமலே ஆவியாகிவிடும்.

அதாவது, கீழே இருக்கும் அடுக்கு எங்கே இருக்கிறது, எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டுதான் அவர்கள் எதையும் செய்தார்கள்.

அடுக்கை மறந்தவர்கள்

1958-ல் பஞ்சாபின் ஹரிகே தடுப்பணையிலிருந்து தார் நோக்கி ஒரு கால்வாய்க்கு அடிக்கல் நாட்டப்பட்டது. ராஜஸ்தான் கால்வாய் என்று தொடங்கி, பிறகு இந்திரா காந்தி கால்வாய் ஆனது. ஊட்டுக் கால்வாயும் பிரதானக் கால்வாயும் சேர்த்து 649 கிலோமீட்டர். உலகின் பெரிய பாசனத் திட்டங்களில் ஒன்று. அது தந்ததைக் குறைத்துச் சொல்ல முடியாது. ஊர்களுக்கும் நகரங்களுக்கும் குடிநீர், கங்காநகர், ஹனுமான்கட் பகுதிகளில் கோதுமை, பருத்தி, கடுகு. பஞ்சத்தில் ஊரைவிட்டு ஓடிய தலைமுறைக்கு அது உண்மையிலேயே வரம்.

ஆனால், தண்ணீர் நிறைய விட்டால் விளைச்சலும் நிறைய வரும் என்று நினைத்தார்கள். மணலில் தண்ணீர் இறங்கிக்கொண்டே இருந்தது. கால்வாயிலிருந்தும் கசிந்தது. கீழே பல இடங்களில் ஜிப்சமும் களிமண்ணும் இறுகிய அடுக்கு. தண்ணீர் அதற்குக் கீழே போக வழியில்லை, வடிகாலும் இல்லை. எனவே மேலே ஏறத் தொடங்கியது. ஹனுமான்கட் மாவட்டத்தின் பரோபால் போன்ற கிராமங்களில் வயல்கள் நாணல் முளைத்த குட்டைகளாயின. நீர்மட்டம் மேற்பரப்பை நெருங்கியதும் வெயில் தண்ணீரை இழுத்துக்கொண்டு உப்பை மேலே விட்டுச்சென்றது. பச்சையாக இருந்த நிலம் வெள்ளையானது.

குயீயில் குடிநீர் தந்த அதே வகை அடுக்குதான் இங்கே வயலை மூழ்கடித்தது. தப்பு அடுக்கின் மீது இல்லை. தண்ணீர் விடுவதற்கு முன் கீழே என்ன இருக்கிறது என்று போதிய அளவு பார்க்காததுதான் தப்பு.

விவசாயியை மட்டும் குறை சொல்வதும் சரியல்ல. கோதுமைக்குக் குறைந்தபட்ச ஆதரவு விலை உண்டு. வாங்க ஆளும் உண்டு. இந்த மண்ணுக்கென்றே பிறந்த கொத்தவரைக்கும் மோத் பயறுக்கும் மத்திய அரசின் ஆதரவு விலைப் பட்டியலில் இடமில்லை. மண் ஒன்றைச் சொல்ல, சந்தை வேறொன்றைச் சொன்னால், கடன் வாங்கிய விவசாயி எதைக் கேட்பார்?

இப்போது சோலார்

ஜோத்பூருக்கு வடக்கே பட்லா சோலார் பூங்கா, 2,245 மெகாவாட். சுமார் 14,000 ஏக்கர். உலகின் மிகப் பெரிய சோலார் பூங்காக்களில் ஒன்று. நாட்டுக்குச் சூரிய மின்சாரம் வேண்டும் என்பதில் சந்தேகமே இல்லை. சென்னையில் ஏசி ஓடவும், பெங்களூருவில் எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் சார்ஜ் ஆகவும் நிலக்கரியை எரிப்பதைவிட இது எவ்வளவோ மேல். வெயிலும் இடமும் தாரில்தான் இருக்கிறது என்ற வாதத்திலும் நியாயம் உண்டு. பட்டா வைத்திருப்பவருக்குக் குத்தகைப் பணம் வருகிறது என்பதும் உண்மை.

பிரச்சினை 'இடம்' என்ற சொல்லில் இருக்கிறது. ஆடு மேய்ப்பவரிடம் பட்டா கிடையாது. தலைமுறை தலைமுறையாக மேய்த்த சேவண் புல்வெளி, பதிவேட்டில் அரசுத் தரிசு. அதை நிறுவனத்துக்கு ஒதுக்கும்போது, சட்டப்படி அங்கே யாருமே இல்லை. எனவே இழப்பீடும் இல்லை. ஊர்த் தெய்வத்தின் பெயரால் வெட்டாமல் காக்கப்பட்ட 'ஓரண்' காடுகளுக்கும் பல இடங்களில் இதே கதிதான். பிகானேர் பகுதியில் சோலாருக்காக வன்னி மரங்கள் வெட்டப்படுவதை எதிர்த்து ஊர்மக்கள் போராடிவருகிறார்கள்.

மண்ணின் பக்கத்திலிருந்தும் ஒரு கேள்வி இருக்கிறது. பேனல் நட நிலத்தைச் சமன் செய்து, புல்லையும் புதரையும் வழித்து எடுத்தால், அந்த மெல்லிய மூடி போய்விடும். தூசி கிளம்பும். கிளம்பிய தூசி பேனல் மீதே படியும். அதைக் கழுவ, தண்ணீர் இல்லாத ஊரில் தண்ணீர் தேட வேண்டும். மண்ணைக் கெடுத்தால் மின்சாரக் கணக்கும் இடிக்கும்.

என்ன செய்யலாம்?

முதல் வேலை, பெயரை மாற்றுவது. மேய்ச்சல் நிலம், ஓரண், கடீன் நீர்ப்பிடிப்பு, நகரும் மணற்குன்று, உவர் நிலம் எல்லாவற்றையும் 'தரிசு' என்ற ஒரே பையில் போடக் கூடாது. 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், ராஜஸ்தானின் ஓரண்களை அளந்து வரைபடமாக்கி, காடுகளாக அறிவிக்க உத்தரவிட்டது. நல்ல தொடக்கம். புல்வெளிகளுக்கும் அதேபோல ஒரு கணக்கெடுப்பு வேண்டும்.

இரண்டாவது, தண்ணீரோ பேனலோ வருவதற்கு முன் மண் பரிசோதனை. மேல்மண்ணை ஒரு பாக்கெட்டில் எடுத்து அனுப்புவது போதாது. கீழே அடுக்கு இருக்கிறதா, எத்தனை அடியில் இருக்கிறது என்று தோண்டிப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, சோலாரை இடம் பார்த்து வைப்பது. உப்பேறி இனி பயிர் வராது என்றாகிவிட்ட நிலம், கூரைகள், கால்வாய்க் கரைகள் ஆகியவற்றை முதலில் பயன்படுத்தலாம். பேனல் வரிசைகளுக்கு இடையிலும் அடியிலும் பயிர் செய்யும் முறையை ஜோத்பூரில் உள்ள மத்திய வறண்டநில ஆராய்ச்சி நிறுவனம் செய்து காட்டியிருக்கிறது. மின்சாரமா, விவசாயமா என்று அடித்துக்கொள்ளவே தேவையில்லை.

நான்காவது, இந்த மண்ணில் இயல்பாக வரும் பயிர்களுக்கு நியாயமான விலை. மோத் பயறுக்கும் கொத்தவரைக்கும் உறுதியான விலை கிடைத்தால், பாலைவனத்தில் தண்ணீர் குடிக்கும் பயிரை நோக்கி விவசாயி ஓட வேண்டியதில்லை.

இதெல்லாம் ராஜஸ்தான் சமாச்சாரம்தானே என்று கடந்துவிடவும் முடியாது. வீக்எண்டில் புறநகரில் 'வறண்ட நிலம், விலை குறைவு' என்று விளம்பரம் பார்த்து, பண்ணை நிலம் வாங்கும் ஐடி ஊழியர்கள் இப்போது எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். ரோடு இருக்கிறதா, போர் போட்டால் தண்ணீர் வருமா என்று கேட்பவர்களில் எத்தனை பேர் மூன்றடி குழி தோண்டி உள்ளே பார்க்கிறார்கள்?

தார் மணல் சொல்லித்தரும் பாடம் அந்த மூன்றடிக் குழிக்குள்தான் இருக்கிறது. மேலே தெரிவது மஞ்சள் மட்டும். கீழே இருப்பது தெரியாமல் போடும் எந்தத் திட்டமும், கால்வாயோ பேனலோ பண்ணை வீடோ, கடைசியில் அந்த மண்ணிடமே கணக்குத் தீர்க்க வேண்டியிருக்கும்.